சந்தேகம் இருந்தால் கேட்கவும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் சுகம். தீவுக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன கப்பலில் அனுப்பிய கம்பளிக் காலுறைகளை நீங்கள் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை வானிலை நிலையத்துக் கருவிகளுக்கு மாட்டிவிட்டீர்களா?

நல்ல செய்தி ஒன்று. ரயில் நிலையத்தின் பின்வாசலுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவில் வெகுகாலமாகச் சும்மா கிடந்த அந்தக் காலி மனை கடைசியில் எனக்கே கிடைத்துவிட்டது. அதன் வாரிசுகள் ஆளுக்கொரு திசையில் இருந்தார்கள். ஒருவர் சரி என்றால் இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கியதற்கே எனக்கு யாராவது மாலை போட வேண்டும். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூம், பக்கத்தில் ஒரு பல் மருத்துவர், மேலே நான்கு மாடிகளில் வீடுகள். இதுவரை நான் கட்டியதிலேயே இதுதான் பெரியது.

என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வரைபடம் போடுவதற்கு முன்னால் மனையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெயில் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வேன். இந்த முறை கண்ணில் பட்டது மனிதர்கள்தான். ரயில் வந்து நின்றதும் பின்வாசலில் இருந்து ஒரு கூட்டம் இறங்கி, மூலைவாக்கில் குறுக்கே நடந்து கடைத்தெருவில் ஏறுகிறது. நடந்து நடந்து மனையின் நடுவில் புல் முளைக்காத ஒரு கோடு விழுந்திருக்கிறது. பாதையோ என்று பத்திரத்தில் தேடினேன், இல்லை. நகராட்சி வரைபடத்திலும் இல்லை. வெறும் பழக்கம்தான். இனி தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். அதுவும் பழகிவிடும்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். நலம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பதில் எந்தக் கப்பலில் வந்தாலும் சரி, வந்தால் போதும்.

தங்கை

*

ஜனவரி 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சௌக்கியம். காலுறைகள் என் காலில்தான் இருக்கின்றன. கருவிகளுக்குக் குளிராது, அவை அரசாங்கச் சொத்து. காற்று பலமாக இருந்ததால் கப்பல் கரைக்கு வராமல் திரும்பிப் போய்விட்டது. அதனால்தான் இந்தத் தாமதம்.

மனை கிடைத்ததில் மிகவும் சந்தோஷம். முதல் வீட்டைக் கட்டும்போது நீ மேஸ்திரியுடன் போட்ட சண்டை இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தச் சண்டைக்காரி இன்று நான்கு மாடி எழுப்புகிறாள். இங்கே எங்கள் சமையல்காரர் பெரிய மீசையிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார். இந்தத் தீவில் செய்தித்தாள் வராது, அதனால் உன் கடிதம்தான் எங்களுக்குப் பத்திரிகை.

பத்திரிகை வாசகன் என்ற முறையில் ஒரு புகார். மனைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்திருக்கிறாய். மாப்பிள்ளைக்குக் கொடுத்தது அரை வரி. வேலையில் சேர்ந்த நாளில் இருந்து ரயில் நிலைய ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்த மனிதர். எந்த வண்டி எந்த மேடையில் என்று ஊருக்கே சொன்னவர். பகல் முழுக்க அவர் இப்போது என்ன செய்கிறார்? யாரிடம் பேசுகிறார்?

பெரிய பதிலாக எழுது. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்

*

மார்ச் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அஸ்திவாரம் தோண்டினால் ஒரு மூலையில் ஊற்று. தண்ணீரை இறைத்து இறைத்தே வாரங்கள் போயின. இப்போது சரியாகிவிட்டது. கீழ்த்தளத்துப் பில்லர்கள் எழும்ப ஆரம்பித்துவிட்டன. எங்கள் எஞ்சினியர் சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. வேலையாட்கள் அவளுக்கு "அளவு" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். டீயைக்கூட அளந்துதான் குடிப்பாளாம்.

அவர் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்.

இங்கே ஒரு கூத்து நடந்துவிட்டது. மனையைச் சுற்றித் தகர வேலி அடைத்தோம். வழக்கமாக நடந்து போகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்பார்களே என்று வேலியில் பலகைகள் வைக்கச் சொன்னேன். "கட்டட வேலை நடக்கிறது. தெருவைச் சுற்றிச் செல்லவும். சிரமத்துக்கு வருந்துகிறோம்." இவ்வளவுதான் வாசகம். இதை ஒரு தாளில் எழுதி, பெயிண்டருக்கு ஏதாவது புரியாவிட்டால் கேட்கட்டும் என்று கீழே "சந்தேகம் இருந்தால் கேட்கவும்" என்று போட்டு நம் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். அந்த மனிதர் அதையும் சேர்த்து எழுதி வைத்துவிட்டார். வேலியைச் சுற்றி எல்லாப் பலகைகளிலும், வாசகத்தைவிடப் பெரிய எழுத்தில், நிழல் கொடுத்து, சிவப்பில்.

கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்க கொடுத்ததத்தானேம்மா எழுதினேன்? நம்பர்தான் ரொம்ப அழகா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க" என்கிறார். திட்டவும் முடியவில்லை. உண்மையிலேயே அழகாக இருந்தது.

அன்றில் இருந்து வீட்டில் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. வந்து அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வருவாராம்.

மீசைக்காரருக்கு என் வணக்கம். காற்றில் நிற்கும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கை

*

மார்ச் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்பு தேவலை. மூட்டுவலிகூடச் சிரித்த சிரிப்பில் எங்கோ போய்விட்டது. பலகைக் கதையைப் பெரிய மீசை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அந்தப் பெயிண்டருக்கு ஏதாவது பட்டம் கொடுக்க வேண்டும் என்கிறார்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பலகை கேட்கச் சொல்வதால் கேட்கிறேன். நீ பகல் முழுக்கக் கட்டடத்தில் இருக்கிறாய். அப்படியானால் அந்தத் தொலைபேசியை எடுப்பது யார்?

சீக்கிரம் எழுது. குளிர் குறைந்துவிட்டது.

அண்ணன்

*

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்தக் கடிதம் நீளும். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் கேட்டதுக்குப் பதில்: அவர்தான் எடுக்கிறார். முதல் சில நாட்கள் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓயும். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் மதியம் வீட்டுக்கு வந்தபோது ரிசீவர் அவர் கையில் இருந்தது. யாரோ ஒரு பெண், வேலியைச் சுற்றிப் போனால் கடைத்தெருவில் எந்தப் பக்கம் ஏறுவோம் என்று கேட்டிருக்கிறார். இவர் தெரு திரும்பும் இடம், நடுவில் வரும் தபால் பெட்டி, வலது கைப் பக்கம் இருக்கும் செருப்புக் கடை எல்லாம் சொல்லி முடித்தார். அப்புறம் அந்தப் பெண், "நீங்க ஸ்டேஷன்ல பேசுறவர்தானே? ரொம்ப நாளா உங்க குரலக் காணோமேன்னு வீட்ல பேசிக்கிட்டோம்" என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவருடைய காது சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வழி கேட்டவர்கள் இப்போது எல்லாவற்றையும் கேட்கிறார்கள். கண் மருத்துவமனை எத்தனை மணிக்குத் திறக்கும், குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகராட்சியில் யாரைப் பார்க்க வேண்டும், தெருவிளக்கு எரியாததுக்கு யாருக்கு எழுத வேண்டும். தெரிந்ததைச் சொல்கிறார். தெரியாததை விசாரித்து வைத்துக்கொண்டு மறுநாள் அவரே கூப்பிட்டுச் சொல்கிறார். விசாரிப்பதற்காக நகராட்சிக்கு நடந்து போய் வருகிறார். அங்கே இருக்கிறவர்கள் இவர் தலையைக் கண்டாலே நாற்காலி போடுகிறார்களாம். எதிர்வீட்டுத் தெருவிளக்கு எரிகிறது, அண்ணா. நான் இந்தத் தெருவில் வீடு கட்டிக் குடியேறியதில் இருந்து அது எரிந்து பார்த்ததில்லை.

நேற்று ஒரு ஆள் தன் மகளுக்கு வரன் கேட்டார். இவர் அசராமல், "வரும் வண்டிகளப் பத்திதான் சார் நமக்குத் தெரியும், வரன் எந்த பிளாட்பாரம்னு தெரியலயே" என்றார். பிறகு இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பலகைகளை இன்னும் அழிக்கவில்லை. பெயிண்டர் வந்தார்; சரியான சாம்பல் நிறம் கிடைக்கவில்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

கட்டடம் முதல் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. உங்கள் மருந்தைத் தவறாமல் போடுங்கள்.

தங்கை

*

மே 16

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் தங்கை நலம். வெயிலில் நின்று கொஞ்சம் கறுத்திருக்கிறாள். நான் கடிதம் எழுதுவது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். திருமண மண்டபத்தில் கைகுலுக்கிப் பேசியதற்குப் பிறகு நாம் இருவரும் தனியாகப் பேசியதே குறைவு. ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டேன். உங்களை விட்டால் கேட்க ஆளில்லை.

எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கதை உங்களுக்குத் தெரியும். அதில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டடம் முடிந்ததும் அந்தக் குறுக்கு வழி திரும்ப வருமா? முதலில் கேட்டவர் ஒரு வயதான அம்மாள். மார்க்கெட்டில் கீரை விற்கிறவர். கூடையோடு சுற்றிப் போக முடியவில்லை என்றார். நான் "வரும்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, மச்சான். என் உத்தியோகக் காலம் முழுக்க "வரும்" என்று சொல்லியே பழகிய வாய். தாமதமாக வரும், மேடை மாறி வரும், ஆனால் வரும். அந்த அம்மாள் சந்தோஷத்தில், "நீங்க சொன்னா வந்துரும்யா" என்று போனை வைத்துவிட்டார். அதன் பிறகு கேட்ட எல்லோருக்கும் அதையே சொன்னேன். ஒருவருக்கு வரும் என்றும் இன்னொருவருக்கு வராது என்றும் அறிவிக்க முடியாது அல்லவா?

போன வாரம்தான் அவள் மேசையில் விரித்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். வழி இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த மோட்டார் சைக்கிள் ஷோரூம் இருக்கிறது. தூண்கள் நின்றுவிட்டன.

இவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊரே மூக்கில் விரலை வைக்கும்படி இந்தக் கட்டடத்தைக் கட்டுகிறாள். என் வாய்த்துடுக்குக்காக அதைக் கலைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் வழி வராவிட்டால், நான் ஊரை ஏமாற்றியவன். அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசியை எடுக்க எனக்கு மனம் வராது. மறுபடியும் அந்த ஜன்னல்தான்.

என்ன செய்யலாம்? தங்கைக்குத் தெரிய வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை

*

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. சிக்கலைச் சொல்லியிருக்கிறீர்கள்; இருந்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். உடம்பு சௌக்கியம்.

காற்றின் வேகத்தை அளக்க என்னிடம் கருவி இருக்கிறது. என் தங்கையின் மனதை அளக்கும் கருவி எங்கள் துறையில் இன்னும் வரவில்லை. ஆனாலும் ஒன்று தெரியும். அவளிடம் நேரே சொன்னால் ஒரு நாள் கோபம். மற்றவர் வாயால் தெரிந்தால் ஒரு வருடம். வேலையில் இருந்தபோது எப்படி அறிவிப்பீர்களோ அப்படியே சொல்லிவிடுங்கள். சுருக்கமாக, தெளிவாக, மன்னிப்பைக் கடைசியில் வைத்து.

இந்தக் கப்பலிலேயே அவளுக்கும் ஒரு கடிதம் போடுகிறேன். அதில் உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது.

தொலைபேசியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
மச்சான்

*

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம்தானே? எனக்கு இங்கே பொழுது போகவில்லை. நீ போன வருடம் அனுப்பிய உங்கள் ஊர் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கும் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி. ரயில் பாதைப் பக்கம் இருந்து கடைத்தெருவுக்குத்தான் கோடைக்காற்று வருகிறது. உன் கட்டடம் அதற்குக் குறுக்கே தெரு முனை முதல் முனை வரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழ்த்தளத்தில் நடுவில் திறப்பு எதுவும் விட்டிருக்கிறாயா? இல்லாவிட்டால் பின்பக்கம் புழுங்குமே என்று தோன்றியது. எனக்குக் கட்டடம் தெரியாது. காற்று மட்டும் தெரியும்.

வெயிலில் குடை பிடித்துக்கொள்.

அண்ணன்

*

ஜூலை 7

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அதே வாரத்தில், காலையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"ஒரு விஷயம் சொல்லணும். உட்காரு."

"உட்கார்ந்துதான் இருக்கேன்."

"அந்தக் குறுக்கு வழி திரும்ப வரும்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கேட்டவங்க எல்லார்கிட்டயும்."

"எத்தனை பேரு இருக்கும்?"

"ஊரு" என்றார். பிறகு, "சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்றார்.

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கட்டடத்துக்குப் போனேன். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஷோரூம் வர வேண்டிய இடத்தில் நடந்து பார்த்தேன். எஞ்சினியர் அளவைக் கூப்பிட்டு, இந்த இடத்தில் பின்னால் இருந்து முன்னால் வரை திறந்துவிட்டால் மேல்கட்டு தாங்குமா என்று கேட்டேன். அவள் ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டு, "தாங்கும் மேடம். பில்லர் எல்லாம் தள்ளித்தான் நிக்குது. ஆனா ஷோரூம் இருக்காது, ஒரு தெரு மாதிரி இருக்கும். ஏன் மேடம்?" என்றாள்.

காற்றோட்டத்துக்காக என்று சொன்னேன். நீங்கள் எழுதியது சரியாகத்தான் பட்டது, அண்ணா. பின்பக்கம் புழுங்கும். இவ்வளவு பெரிய கட்டடத்தில் காற்று வராவிட்டால் எனக்குத்தானே கெட்ட பெயர்? ஷோரூம்காரருக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டேன். இதில் எனக்கு என்ன நட்டம் என்று உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் காற்றோட்டம் தேவையில்லை என்று தோன்றிவிடும்.

ஆனால் திறந்துவிட்டால் மட்டும் அது வழி ஆகிவிடாதாம். நகராட்சித் திட்ட அதிகாரி சொல்கிறார்: அது தனியார் கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு சந்து. நாளைக்கே வீட்டுக்காரர்கள் சேர்ந்து கேட் போட்டால் யாரும் கேட்க முடியாது. நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் அந்த இடத்தை நகராட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு பதிவு செய்தவர்கள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகு மன்றக் கூட்டத்தில் வாக்கெடுப்பு.

வீடு பதிவு செய்தவர்களை இவர்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், பல் டாக்டரைத் தவிர. அவர் தரைத்தளத்தில் கிளினிக்கும் அதற்கு நேர் மேலே வீடும் எடுத்திருக்கிறார். "பல் வலியோட வர்றவங்களுக்கு அமைதி வேணும். ஊர்வலம் போற எடத்துல கிளினிக் வைக்கவா உங்ககிட்ட வந்தேன்?" என்கிறார். கேட்பது நியாயமாகத்தான் இருக்கிறது. அவர் கையெழுத்து இல்லாமல் மன்றம் எடுத்துக்கொள்ளாது.

இவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். கேட்டால் வெயில் என்கிறார்.

தங்கை

*

ஆகஸ்ட் 18

தங்கச்சிக்கு,

இரண்டு கப்பல்கள் வந்து போய்விட்டன. உன் கடிதம் எதிலும் இல்லை. நாங்கள் நலமாக இல்லை. பல் டாக்டர் கையெழுத்துப் போட்டாரா என்று தெரியாமல் தவிக்கிறோம். பெரிய மீசை குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டார். உங்களால் ஒரு வானிலை நிலையமே கெட்டுக்கொண்டிருக்கிறது.

அண்ணன்

*

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கும் மீசைக்காரருக்கும்,

மன்னியுங்கள். முடிவு தெரியாமல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும்.

டாக்டரிடம் இவர் வாதாடவில்லை. ஒரு காலை அவரை ரயில் நிலையப் பின்வாசலுக்கு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இரண்டு பேரும் ஓரமாக நின்றிருக்கிறார்கள். வண்டி வந்தது; கூட்டம் இறங்கியது. வேலியைப் பார்த்துச் சலித்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பியது. டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மதியம் என்னிடம் வந்தார். "கிளினிக் கதவை வழிப் பக்கமா மாத்தி வைக்க முடியுமா? போர்டும் அந்தப் பக்கமே இருக்கட்டும்" என்றார். "அப்போ அமைதி?" என்று நான் இழுத்தேன். "ரெட்டைக் கண்ணாடி போட்டுக்கலாம்மா" என்றார்.

மன்றக் கூட்டம் போன வாரம். மேலே பொதுமக்கள் உட்காரும் மாடத்தில் இடமில்லை. வழக்கமாக அங்கே தூங்குவதற்கு வருகிற ஒருவருக்கே இடம் கிடைக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். என் பெயரில் மனு என்பதால் நான் கீழே முன்வரிசையில் இருந்தேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "இந்த அம்மா கட்டடத் தொழில்ல ஊறினவங்க. கட்டடக்காரங்க ஒரு அடி விடமாட்டாங்க. இவங்க தெருவ ஒட்டின எடத்தையே சும்மா கொடுக்கிறாங்கன்னா, உள்ள ஏதோ இருக்கு. என்னன்னு சொல்லட்டும்" என்றார்.

மன்றத் தலைவி என்னைப் பார்த்தார். நான் எழுந்து காற்றோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கோடைக்காற்று, ரயில் பாதை, நீங்கள் எழுதியது எல்லாம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. சிரிப்புச் சத்தம்கூட வந்தது.

அப்போது மேலே இருந்து, "கவனிக்கவும்" என்று ஒரு குரல் வந்தது.

ஒலிபெருக்கி இல்லை, அண்ணா. வெறும் குரல்தான். ஆனால் மன்றத்தில் பாதிப் பேர், வண்டி ஏறப் போகிறவர்கள் பெட்டியைத் தேடுவது போல், காலடியைப் பார்த்தார்கள். மாடத்தில் இருப்பவர்கள் பேசக் கூடாது என்பது விதி. தலைவி மணியைக் கையில் எடுத்தார்; அடிக்கவில்லை.

"அந்த வழி வரும்னு ஊருக்குச் சொன்னது நான். வரைபடத்தப் பார்க்காம சொன்னேன். தப்பு என்னுது. இவங்க என் வார்த்தையக் காப்பாத்துறதுக்காக எடத்த விடுறாங்க, வேற ஒண்ணும் உள்ள இல்ல. நீங்க வேண்டாம்னு முடிவு பண்ணினா, கேட்ட ஒவ்வொருத்தருக்கும் நானே போன் பண்ணி, இல்லன்னு சொல்லிடுறேன். அவ்வளவுதான். நன்றி."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த டாக்டர், "இந்த ஊர்ல பல்லு இருக்கிற எல்லாரும் அந்த வழியாத்தான் போகணும் தலைவி" என்று கத்தினார். அதற்குத் தலைவி மணி அடித்தார்.

வாக்கெடுப்பில் ஒருவரைத் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள். அந்த ஒருவர் கேள்வி கேட்டவர் இல்லை. அவர் எதற்கும் கை தூக்க மாட்டாராம், கொள்கை. கேள்வி கேட்டவர் வெளியில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டியோட பேரையெல்லாம் சாரு எவ்வளவு சுத்தமா சொல்வார் தெரியுமா" என்று எனக்கே சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். காற்றோட்டத்துக்காகத்தான் விட்டேன் என்று வழியில் ஒருமுறை அவரிடம் சொன்னேன். ஆமாம் ஆமாம் என்றார்.

மீசைக்காரரை உப்புப் போடச் சொல்லுங்கள்.

தங்கை

*

டிசம்பர் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமோ சுகம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். புதுக் காலுறைகள் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. மீசைக்காரருக்கும் ஒரு ஜோடி.

கட்டடம் முடிந்துவிட்டது. மேலே ஜன்னல்களில் திரைச்சீலை தொங்குகிறது. முதல் மாடியில் யாரோ இப்போதே பூந்தொட்டிகளை வைத்துவிட்டார்கள். தண்ணீர் கீழே சொட்டுகிறது என்று நாளை சண்டை வரும். வழிக்குக் கல் பாவி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்திருக்கிறோம். டாக்டரின் பலகையில் ஒரு பெரிய பல் சிரிக்கிறது. அதே பெயிண்டர்தான் வரைந்தார்.

திறப்பு விழா நேற்று மாலை என்று ஏற்பாடு. தலைவி வந்து ரிப்பன் வெட்டுவதாக இருந்தது. காலையில் தரையைக் கழுவுவதற்காக ஆட்கள் வேலியைக் கழற்றினார்கள். கழற்றியதுதான் தாமதம், ரயில் வந்தது. யாரும் விழாவுக்குக் காத்திருக்கவில்லை. கூடைகள், பைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு சைக்கிள், ஒரு ஆடு. ஈரத் தரையில் அவ்வளவு பேரின் கால்தடம். கழுவ வந்தவர்கள் துடைப்பத்தை வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள். மாலையில் தலைவி வந்தபோது ரிப்பன் கட்ட முடியவில்லை. கட்டினால் யாராவது குனிந்து உள்ளே நுழைந்து போனார்கள். கடைசியில் அவரும் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் பக்கம் நடந்து போய் ரயில் ஏறிவிட்டார்.

உங்கள் மாப்பிள்ளை கடைத்தெருப் பக்க வாசலில் நின்றார். ஒன்றும் அறிவிக்கவில்லை. போகிறவர்கள்தான் இவரைப் பார்த்து, "வந்துருச்சு சார்", "வந்துருச்சுங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. இன்று காலையில் இருந்து வெந்நீரும் உப்பும்தான். தொலைபேசியை நான் எடுக்கிறேன். எடுத்தவுடன் எல்லோரும், "சார் இல்லையா?" என்று ஏமாந்து கேட்கிறார்கள்.

நான் எங்கே நின்றேன் என்று கேட்பீர்கள். வழியின் நடுவில் நின்றேன். அண்ணாந்து மேல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு சொன்னபடியே தாங்கியிருந்தது. நல்ல காற்றும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அப்போது பின்னால் இருந்து தலையில் கூடையோடு ஒரு அம்மாள் வந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"எம்மா, நாலு பேரு நடக்கிற வழியில இப்படி மரம் மாதிரி நிக்கிறியே. ஓரமாப் போ" என்றார்.

இத்தனை வருடத்தில் நான் கட்டிய ஒரு கட்டடத்திலும் என்னை யாரும் இப்படி விரட்டியதில்லை. ஓரமாகப் போனேன், அண்ணா. போகும்போது சிரிப்பு தாங்கவில்லை.

சீக்கிரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தங்கை